தப்பி வந்த அலுமாரியின் கடன்



முன்பெல்லாம் ஊருக்குப் போய் வருகின்றவர்களின் பெட்டிகளில் ஒடியலும், பினாட்டும், வறுத்து இடித்த மிளகாய்த் தூளும் வந்தன. இப்பொழுது பெட்டிக்குள் அடங்காத பொருள்களின் மீதும் எம்மவர்களின் மனம் போகின்றது. பெற்றோரின் காலத்தின் பின்னர் ஊர் வீட்டுக்குப் போனால், நடு அறையில் நிற்கும் தேக்கு அலுமாரி கண்ணில் படுகின்றது. அம்மாவுக்குச் சீதனமாக வந்தது. கண்ணாடி மங்கிவிட்டது. கதவைத் திறந்தால் பூச்சி உருண்டை மணமும் கூறைச் சேலை மணமும் சேர்ந்து வருகின்றன. இதை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தால் என்ன என்று தோன்றுகின்றது. கொண்டுவரவும் முடியும். அப்படிக் கொண்டுவரும் வழியில் எழுகின்ற ஓர் அறக் கேள்வியைப் பற்றியே இங்கு எழுத விரும்புகின்றேன். அது அலுமாரியைப் பற்றிய கேள்வி போலத் தொடங்கும். ஆனால் அலுமாரியோடு நிற்காது.

ஆறடி உயரமும் நாலடி அகலமும் உள்ள ஓர் அலுமாரியைப் பலகைச் சட்டமடித்துப் பொதி செய்தால் ஏறக்குறைய இரண்டு கன மீற்றர் இடம் பிடிக்கும். இருபதடிக் கொள்கலன் ஒன்றின் கொள்ளளவோ ஏறக்குறைய 33 கன மீற்றர். ஆகவே கொழும்பிலுள்ள முகவர் எமது அலுமாரியை வேறு பலரின் பொதிகளோடு சேர்த்தே ஏற்றுவார். பொதிக்குரிய பலகையைக் கூட 56 பாகைச் சூட்டில் 30 நிமிடமாவது பதப்படுத்தி முத்திரை குத்த வேண்டும் என்பது பொது விதி; மரத்துக்குள் இருக்கும் பூச்சி நாடு விட்டு நாடு போய்விடக் கூடாதாம். மனிதருக்கு விசா, பூச்சிக்குச் சூடு. அந்தக் கொள்கலனுக்குள் எமது அலுமாரிக்குப் பக்கத்தில் யாருடைய சைக்கிள் இருக்கின்றது, யாருடைய ஆட்டுக்கல் இருக்கின்றது என்பது எமக்குத் தெரியாது. அக்கொள்கலன் ஏறுகின்ற பெருங் கப்பலிலோ அதுபோல ஆயிரக்கணக்கானவை. ஒரே கப்பலில் பொருள் ஏற்றிய அத்தனை பேரும் ஒருவரையொருவர் கண்டதுமில்லை, காணப் போவதுமில்லை.

இனி, இப்படி ஒரு நிலைமையை எண்ணிப் பார்ப்போம். கப்பல் நடுக்கடலில் வரும்போது தீப் பிடித்துவிடுகின்றது. பெரும் பாடுபட்டுத் தீயை அணைக்கிறார்கள். கப்பலை இழுத்துக் கரை சேர்க்கிறார்கள். சில வாரங்களின் பின்னர் எமக்கு ஒரு கடிதம் வருகின்றது. "உங்கள் பொருளுக்குச் சேதமில்லை. ஆனால் கப்பலைக் காப்பாற்ற ஏற்பட்ட நட்டத்திலும் செலவிலும் உங்கள் பங்கைத் தருவதற்குப் பிணை கொடுத்தாலன்றிப் பொருளை விடுவிக்க முடியாது" என்பது அதன் சாரம். படித்தவுடன் கோபம் வரும். என்னுடைய அலுமாரியில் ஒரு கீறல் கூட இல்லையே? தீ வைத்தது நானா? யாரோ ஒருவனின் பொருள் நனைந்ததற்கு நான் ஏன் காசு கட்ட வேண்டும்?

இது கற்பனைக் கதையன்று. 2018ஆம் ஆண்டு மார்ச் மாதம் அரபிக் கடலில் தீப்பிடித்த 'மேர்ஸ்க் ஹொனாம்' என்ற கப்பலில் பொருள் ஏற்றியிருந்தவர்களிடம், மீட்புச் செலவுக்கும் பொது நட்டத்துக்குமாகப் பொருளின் பெறுமதியில் 54 வீதத்துக்குப் பிணை கேட்கப்பட்டது. 100 பவுண் பெறுமதியான பொருளை எடுக்க 54 பவுணுக்குப் பிணை! 2021 மார்ச் 23ஆந் திகதி சுயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கி ஆறு நாட்கள் உலக வாணிபத்தையே மறித்து நின்ற 'எவர் கிவன்' கப்பலை எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். அதிலிருந்த பதினெட்டாயிரத்துக்கு மேற்பட்ட கொள்கலன்களின் உரிமையாளர்களும் இதே முறைப்படி பங்கு கொடுக்க வேண்டியவர்களானார்கள். கப்பல் யூலை வரை எகிப்தில் தடுத்து வைக்கப்பட்டிருந்தபடியால், பொருள்கள் ரொட்டர்டாமுக்கும் பிலிக்ஸ்ரோவுக்கும் வந்து சேர யூலை கடைசியும் ஓகஸ்டும் ஆகிவிட்டன.

கப்பற் சட்டத்தில் இதற்குப் பொது நட்டம் என்ற கருத்தில் ஒரு பெயர் உண்டு. ஆங்கிலத்தில் 'ஜெனரல் அவரேஜ்' என்பார்கள். இங்கே 'அவரேஜ்' என்பது நாம் பள்ளிக்கூடத்தில் படித்த சராசரியன்று. கடலில் ஏற்படும் சேதத்தைக் குறித்த பழைய சொல். சேதத்தை எல்லோர்க்கும் பகிர்ந்து கணக்கிட்ட பழக்கத்திலிருந்துதான் கணக்குப் பாடத்துச் 'சராசரி' என்ற பொருளே அச்சொல்லுக்குப் பின்னர் வந்தது. எங்கள் பிள்ளைகள் சோதனைப் புள்ளிகளைக் கூட்டிப் பிரிக்கும்போது, என்றோ கடலில் எறியப்பட்ட மூட்டைகளின் கணக்கைத்தான் போடுகிறார்கள் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

விதி மிகப் பழையது. கி.பி. 533இல் யஸ்டினியன் பேரரசன் தொகுப்பித்த உரோமச் சட்டத் தொகுதியில், ரோட்ஸ் தீவினரின் கடற் சட்டம் என்ற பெயரால் இது இடம்பெறுகின்றது. புயலில் கப்பலின் பாரத்தைக் குறைக்க ஒருவனுடைய சரக்கைக் கடலில் எறிந்தால், எல்லோருக்காகவும் கொடுக்கப்பட்டதை எல்லோரும் சேர்ந்து ஈடுசெய்ய வேண்டும் என்பதே அதன் கருத்து. முத்தும் மணியும் மட்டும் கொண்டுவந்தவன், "என் பொருளால் கப்பலுக்குப் பாரமே இல்லையே, நான் ஏன் பங்கு தர வேண்டும்?" என்று கேட்கலாமா என்ற கேள்வியும் அங்கே எழுப்பப்படுகின்றது. விடை: அவனும் தர வேண்டும். எவ்வளவு பாரம் ஏற்றினாய் என்பதன்று கணக்கு; எவ்வளவு தப்பியது என்பதே கணக்கு. உடுத்த உடையும் விரல் மோதிரமும் கூடக் கணக்கில் வரும். உண்பதற்கென ஏற்றிய உணவு மட்டும் வராது. காரணம் என்ன தெரியுமா? கடலில் உணவு தட்டுப்பட்டால் அவரவரிடம் உள்ளதை எல்லோருக்கும் பொதுவாக வைத்துவிடுவார்களாம். சோற்றுக்குக் கணக்கில்லை என்று எங்கள் வீட்டுக் கிழவிகள் சொல்லியிருக்கக்கூடிய நியாயந்தான்.

இன்றைய கப்பல்கள் பின்பற்றும் விதிகள் 1864இல் யோர்க் நகரிலும் 1877இல் அன்ற்வேர்ப்பிலும் கூடி வகுக்கப்பட்டு, அவ்விரு நகரங்களின் பெயராலும் வழங்கி, 2016 வரை பலமுறை திருத்தப்பட்டவை. அவற்றில் மனத்தை உறுத்துகின்ற ஒரு நுட்பம் இருக்கின்றது. தீயில் எரிந்த பொருளுக்கு இந்தப் பங்கீட்டில் எதுவும் கிடையாது. தீயை அணைக்க ஊற்றிய நீரால் பாழான பொருளுக்கு உண்டு. இரண்டும் பாழ்தானே, என்ன வேறுபாடு? எரிந்தது விபத்து, அது எரிந்ததால் வேறெவரும் தப்பவில்லை. நனைந்ததோ எல்லோரையும் காப்பாற்றுவதற்காக அறிந்தே செய்யப்பட்ட செயலின் விலை. ஆகவே நனைந்தவனுக்கு மற்றவர்கள் கடன்பட்டவர்கள். எரிந்தவன் மீது அவர்கள் இரக்கப்படலாம். சட்டம் அவர்களைக் கட்டாயப்படுத்தாது.

கடன் வேறு, இரக்கம் வேறு. இந்த வேறுபாட்டைத்தான் எம்முடைய குடும்பங்களில் நாம் குழப்பி வைத்திருக்கின்றோம் என்று எனக்குத் தோன்றுகின்றது.

1983 யூலைக்குப் பின்னர் எத்தனையோ வீடுகளில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். எல்லோரையும் அனுப்பப் பணமில்லை. ஒருவனை அனுப்பலாம், அவன் போய்ச் சேர்ந்தால் மற்றவர்களைப் பார்த்துக்கொள்வான் என்று வீட்டில் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். காணியை ஈடு வைத்தார்கள். சீட்டை எடுத்தார்கள். தங்கச்சியின் நகையை அடைவு வைத்து ஏஜென்சிக்குக் காசு கட்டினார்கள். கடைசித் தம்பி படிப்பை விட்டுக் கடையில் நின்றான். தாய் தகப்பனைப் பார்க்க ஓராள் வேண்டுமே. இவை விபத்துகளா? இல்லை. புயல் பொதுவானது; எறிவது எதை என்று தெரிந்தே எறிந்தார்கள்; கப்பலும் தப்பியது. பொது நட்டத்துக்குச் சட்டம் கேட்கும் இலக்கணம் அத்தனையும் இங்கே பொருந்துகின்றது.

அப்படியானால், இங்கிருந்து அந்தத் தங்கச்சிக்கு மாதாமாதம் போகும் பணத்துக்கு என்ன பெயர்? "ஊரிலை உள்ளவைக்கு உதவி செய்யிறன்" என்கிறோம். உதவி என்றால் வாங்குபவர் நன்றி சொல்ல வேண்டும். செலவு செய்த கணக்கைக் காட்ட வேண்டும். புதிதாக ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினால், "நாங்கள் இஞ்சை குளிருக்குள்ளை உழைச்சு அனுப்ப அங்கை சொகுசு" என்ற பேச்சைக் கேட்க வேண்டும். பங்கு என்றால் இவை ஒன்றும் இல்லை. கடலில் எறிந்த மூட்டைக்குரிய பணத்தைப் பெற்றவன் அதை என்ன செய்தான் என்று எந்தக் கப்பற்காரனும் கேட்பதில்லை.

இதற்கு மறுப்பு உண்டு; நியாயமான மறுப்புத்தான். வந்தவன் சும்மா வந்து சேரவில்லை. எத்தனை நாட்டு எல்லைகள், எத்தனை மாதச் சிறை, இரவில் பெற்றோல் நிலையம், பகலில் உணவகத்தில் கோப்பை கழுவுதல். முப்பது வருடமாக அனுப்பிய பணத்தைக் கூட்டினால் அடைவு வைத்த நகையைப் போலப் பல மடங்கு வரும். இன்னும் எவ்வளவு காலத்துக்கு? கப்பற் கணக்கில் பங்கு பிரிப்பதற்கென்றே தேர்ந்த கணக்கர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சில வருடங்கள் எடுத்தாலும் கணக்கை முடித்து மூடிவிடுவார்கள். எவரும் தமக்குத் தப்பிய பொருளின் பெறுமதிக்கு மேல் பங்கு கொடுக்கத் தேவையில்லை. குடும்பத்தில் அப்படி ஒரு கணக்கருமில்லை, உச்ச வரம்புமில்லை. அண்ணன் நெஞ்சுக்குள் ஒரு கணக்கு வைத்திருக்கிறான், தங்கச்சி இன்னொன்று. இரண்டும் என்றைக்காவது ஒரு கலியாண வீட்டிலோ செத்த வீட்டிலோ வெடிக்கின்றன.

இந்த மறுப்பில் பாதியை நான் ஏற்றுக்கொள்கின்றேன். முடிவில்லாத கடன் கடனேயன்று, அது அடிமைத்தனம். மற்றப் பாதிக்குச் சட்டமே ஒரு விடை வைத்திருக்கின்றது. எறியப்பட்ட பொருளுக்கு ஈடு கணக்கிடும்போது, அதை ஏற்றிய இடத்தில் அது என்ன விலை என்று மட்டும் பார்ப்பதில்லை. போய்ச் சேர வேண்டிய துறைமுகத்தில் நல்லபடி இறங்கியிருந்தால் அது என்ன பெறுமதியாக இருந்திருக்கும் என்பதே அடிப்படை. இதை வீட்டுக்குப் பொருத்திப் பாருங்கள். தங்கச்சி கொடுத்தது பத்துப் பவுண் நகையன்று. அந்த நகையோடு உரிய வயதில் அவள் போய்ச் சேர்ந்திருக்கக்கூடிய வாழ்க்கை. தம்பி கொடுத்தது இரண்டு வருடப் பள்ளிக் கட்டணமன்று. அவன் ஆகியிருக்கக்கூடிய பொறியியலாளன். நகையை மீட்டுக் கொடுத்துவிட்டோம், கணக்குச் சரி என்பவர்கள் ஏற்றின துறைமுகத்து விலையைத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

இதே இடத்தில் உரோமச் சட்டம் இன்னொன்றும் சொல்கின்றது. சுதந்திர மனிதனின் உடலுக்கு விலை மதிக்க முடியாது. ஆகவே உயிர்கள் பங்குக் கணக்கில் சேரா. மேர்ஸ்க் ஹொனாமில் ஐந்து மாலுமிகள் இறந்தார்கள். பொருளின் பெறுமதிக்கு இத்தனை வீதம் என்று கேட்ட அந்தப் பிணைக் கணக்கில் அவர்களுக்கு ஓர் இடம் இல்லை. விலையில்லாதது என்ற எங்கள் சொல்லுக்கும் இரண்டு பொருள் உண்டல்லவா? விலை மதிக்க முடியாதது என்பது ஒன்று. காசு கொடுக்கத் தேவையில்லாதது என்பது மற்றொன்று. தமிழ்நாட்டரசு இலவசமாகக் கொடுத்த மடிக்கணினிக்கு 'விலையில்லா மடிக்கணினி' என்றுதான் பெயர். ஊரில் நின்றவர்களின் இளமையை முதற் பொருளில் புகழ்ந்துவிட்டு இரண்டாம் பொருளில் கணக்கை மூடுவது எமக்கு மிக வசதியாக இருக்கின்றது.

எரிந்தவர்களின் பேச்சுக்கும் வர வேண்டும். 1995இல் வலிகாமத்தை விட்டு ஒரே இரவில் வெளியேறியவர்களும், 2009இல் வன்னியில் எல்லாவற்றையும் இழந்தவர்களும் எம்மில் ஒவ்வொருவரையும் காப்பாற்றுவதற்காகத் தம் வீட்டைக் கடலில் எறிந்தார்கள் என்று சொல்ல முடியாது. சட்டத்தின் கண்ணால் பார்த்தால் அது எரிந்த கொள்கலன். அதைவிட அப்பாலும் ஆட்கள் இருக்கிறார்கள். 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே 'எக்ஸ்பிரஸ் பேர்ள்' என்ற கப்பல் எரிந்து, யூன் மாதம் மூழ்கியபோது, அதிலிருந்த பிளாஸ்ரிக் மணிகள் நீர்கொழும்புக் கரை வரை ஒதுங்கின. மீனவர்களுக்குக் கடலுக்குப் போகத் தடை விதிக்கப்பட்டது. அந்த மீனவன் கப்பலில் ஒரு பொதியும் ஏற்றியவனல்லன். அவன் எந்தப் பங்கீட்டு வட்டத்துக்குள்ளும் வர மாட்டான். இப்படிப்பட்டவர்களுக்கு நாம் கொடுப்பதே தருமம். கேட்க உரிமையில்லாதவனுக்கு மனமறிந்து கொடுப்பது. எமது ஆலயத்தின் மூலம் சேர்க்கும் நிவாரண நிதியும் அந்த வகையானது. அதைத் தங்கச்சிக்கு அனுப்புவதோடு ஒரே கணக்கில் எழுதி, "இந்த வருசம் ஊருக்கு நிறையச் செய்திட்டன்" என்று முடிப்பதைத்தான் நான் ஒப்புக்கொள்ளவில்லை. கடனைத் தருமமாக்கினால் கொடுக்க வேண்டியவன் வள்ளலாகிவிடுகிறான். வாங்க வேண்டியவள் தலை குனிகிறாள்.

பெறுமதியைக் குறைத்துக் காட்டுவது பற்றியும் ஒரு வார்த்தை. சுங்கத் தீர்வைக்குப் பயந்து பொருளின் பெறுமதியைக் குறைத்து எழுதும் வழக்கம் எம்மிடையே உண்டு. அது சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறமிருக்க, பொது நட்ட விதிகளில் இதற்கென ஓர் அழகான பொறி வைத்திருக்கிறார்கள். குறைத்து எழுதிய பொருள் பாழானால் குறைத்து எழுதிய பெறுமதிக்கே ஈடு கிடைக்கும். தப்பினாலோ உண்மைப் பெறுமதிக்கே பங்கு கொடுக்க வேண்டும். தொலைபேசியில் தங்கச்சியிடம், "இஞ்சையும் சரியான கஷ்டந்தான் பிள்ளை, எல்லாம் விலை ஏறிப்போச்சு" என்று சொல்லிவிட்டு, அடுத்த கிழமை மகளின் சாமத்தியச் சடங்குக்குக் குதிரை வண்டி பிடித்து அந்தப் படங்களையும் அவளுக்கே அனுப்புகிறோமே, அந்தக் குறைத்து எழுதலுக்கு எந்த விதியில் இடம் என்று தெரியவில்லை!

சரி, அலுமாரிக்கு வருவோம். கொண்டுவரலாமா? "கொண்டு போங்கோ அண்ணை, இஞ்சை அது சும்மாதானே நிக்குது" என்று அந்த வீட்டில் இருப்பவள் சொல்லுவாள். அவள் ஒருபோதும் மறுக்க மாட்டாள். மறுத்துப் பழக்கமில்லாதவள் என்பதாலேயே அவளுடைய சம்மதத்தை நான் முழுச் சம்மதமாக எடுக்க மாட்டேன். அந்த அலுமாரிக்குள் இப்பொழுது யாருடைய சேலை இருக்கின்றது, இத்தனை வருடமும் கறையான் ஏறாமல் காலுக்கு மண்ணெண்ணெய் பூசியது யார் என்று பார்க்க வேண்டும். கொண்டுவரவே கூடாது என்று சொல்ல மாட்டேன். வீடு விற்கப்பட்டு, கவனிக்க ஆளில்லாமல் மழையில் நனையும் பொருளைக் கொண்டுவருவது நல்ல காரியம். ஆனால் அங்கே ஒருவர் வாழும் வீட்டிலிருந்து எடுப்பதானால், முதலில் அவருக்கு அது தேவையா என்று கேட்பதும், பின்னர் தாய் வீட்டுச் சொத்தில் அதையும் ஒரு பங்காகக் கணக்கிட்டு அவருக்குரியதைக் கொடுப்பதும் முறை. நினைவுப் பொருள்தானே, இதற்கென்ன கணக்கு என்று கேட்கலாம். நினைவு இரண்டு பேருக்கும் இருக்கின்றது, அலுமாரி ஒன்றுதான்.

நடைமுறைக்கும் சில சொல்லி வைக்கின்றேன். கப்பலில் அனுப்பும் பொருளுக்குக் காப்புறுதி எடுக்காமல் விடாதீர்கள். சரக்குக் காப்புறுதியில் பொதுவாக வழங்கும் ஏ, பி, சி என்ற மூன்று நிபந்தனைத் தொகுதிகளிலும் பொது நட்டப் பங்கு அடங்கும். காப்புறுதி இருந்தால் பிணையை அந்த நிறுவனமே கொடுத்துவிடும். இல்லாவிட்டால் நாமே பணத்தைக் கட்ட வேண்டும். வீட்டுப் பொருள்களுக்கென முகவர் தரும் காப்புறுதியில் இது உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மிகச் சிறு பெறுமதியான பொருளைக் கணக்கில் சேர்ப்பது செலவுக்குக் கட்டாது என்று கணக்கர் விட்டுவிடுவதும் உண்டு. அதை நம்பியிருக்க முடியாது. கப்பற் பத்திரத்தின் மூலப் பிரதியையும் பொருள் பட்டியலையும் பத்திரமாக வைத்திருங்கள். பட்டியலில் பெறுமதி என்று ஒரு கட்டம் இருக்கும். "ஐம்பது பவுண் எண்டு போடுங்கோ, காணும்" என்று சொல்ல அங்கே யாராவது நிற்பார்கள். அந்தக் கட்டத்தை நிரப்ப முன்னர் வீட்டுக்கு ஒரு தொலைபேசி எடுத்து, "பிள்ளை, அம்மாவின்ரை அலுமாரிக்கு என்ன பெறுமதி போடுவம்?" என்று தங்கச்சியையே கேட்டுப் பாருங்கள்.